அன்னம்மாள் பெயரில் ஒரு பேரினம்

சீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டியவன் ராஜபாளையத்தில் இறங்கினேன். தூக்கம்தான் காரணம். கப்பலில் இரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு ரயில் பலகையே மெத்தையாகிவிட்டது. கண் விழித்து, “சீவில்லிபுத்தூர் இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?” என்று எதிரே இருந்தவரைக் கேட்டேன்.

“அது அப்பமே போயிருச்சே! நீங்க மலையாளமா?”

“இல்லை, யாழ்ப்பாணம்.”

“அதான பார்த்தேன். பேச்சு ஒரு மாதிரியா இழுக்குதேன்னு” என்று சொல்லி, என் பெட்டியை அவரே ஜன்னல் வழியாகக் கீழே இறக்கிவிட்டார். நீங்கள் மலையாளமா என்ற இந்தக் கேள்வியைத் திரும்பிப் போகும் வரை எல்லோரும் கேட்டார்கள். தமிழ் பேசும் ஊரில் நான் பேசும் தமிழுக்கே மலையாளம் என்று பெயர் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மலைநாட்டில் ஒரு தாவரத் தோட்டத்தில் எனக்கு வேலை. காய்ந்த கிளைகளை அட்டையில் ஒட்டி, எந்தச் செடி எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்களில் நானும் ஒருவன். நாவல் மரத்தையும் அதன் உறவுகளையும் எங்கள் துறை முன்னோர்கள் யூஜீனியா என்ற ஒரே பேரினத்தில், அதாவது பல இனங்கள் குடியிருக்கும் ஒரே வீட்டில், அடைத்து வைத்திருந்தார்கள். நாவல், ஜம்பு, கிராம்பு எல்லாம் அதற்குள் அடக்கம். அது ஒரு வீடு அல்ல, இரண்டு என்ற வாதம் அப்போது வலுத்து வந்தது. நாவல் பக்கத்து ஆட்களை சிசீஜியம் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம்.

இலையை வைத்து இதைச் சொல்ல முடியாது. பழத்தைப் பிளந்து பார்க்க வேண்டும். யூஜீனியாவின் விதை வழுவழுப்பாகத் தனியே நழுவி வரும். சிசீஜியத்தின் விதைத்தோல் சொரசொரப்பாகச் சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். பூவிலும் அடையாளம் உண்டு. முன்னதில் பெரும்பாலும் இலை இடுக்கில் தனித்தனிப் பூக்கள். பின்னதில் கொத்துப் பூக்கள், அவற்றில் பலவற்றின் இதழ்கள் ஒன்றாக ஒட்டித் தொப்பி போலக் கழன்று விழும். ஓர் அடையாளம் போதாது. பல அடையாளங்கள் ஒரே பக்கம் சாட்சி சொன்னால்தான் அதைப் பேரினம் என்போம்.

ஒரே ஒரு அட்டை மட்டும் எந்த அலமாரிக்கும் போகாமல் என் மேசையிலேயே கிடந்தது. சீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக் காட்டில், ஓடைக்கரையில் பறித்தது. பூ தனிப்பூ, ஆனால் இதழ்கள் தொப்பியாகக் கழன்றன. பழம் இல்லை. பழமும் இந்த இரண்டுக்கும் பொருந்தாமல் போனால் அது மூன்றாவது வீடு, புதிய பேரினம். என் தொழிலில் அப்படி ஒன்று வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்தால் பெரிது. எனக்கும் ஆசை இருந்தது.

கிளையை அனுப்பியவர் ஆசீர்வாதம் என்ற ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர். சீவில்லிபுத்தூரில் தனியாக இருந்தார். அவருடைய மகள் மெர்சி ராஜபாளையத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அந்த விலாசமும் என்னிடம் இருந்ததால் ஜட்கா வண்டி பிடித்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். “அய்யோ சார், அப்பா உங்களைக் கூப்பிட ஸ்டேஷனுக்குப் போயிருப்பாகளே! அவியளுக்குக் கண்ணு வேற தெரியாது.”

எனக்கு அது புதுச் செய்தி. அவர் சொல்லச் சொல்ல மெர்சி எழுதிய கடிதங்களில் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. மெர்சி வீதி முனைக்கு ஓடி, சீவில்லிபுத்தூர் போகும் பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். கை அலம்பிக்கொண்டு சோறு போட்டாள். பருப்புக் குழம்பும், வெஞ்சனம் என்று தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும், கடைசியில் சப்பட்டை என்ற அந்த ஊர் மாம்பழமும். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் இல்லாமல் கறி இறங்காது. இங்கே காரம் நேரே வந்து மோதுகிறது. கண்ணீரோடு சாப்பிட்டேன். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டதற்கு மெர்சி சிரித்தாள். “பாவம், ஊர்ல யாரோ செத்துட்டாங்களான்னு கேக்காக.”

சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. எச்சில் இலையை எடுத்துக்கொண்டே கேட்டாள். “சார், அந்த மரம் புதுசுதானா?”

“பழத்தைப் பார்க்காமல் சொல்ல ஏலாது.”

“பார்த்த பொறவு வேற மாதிரி இருந்துச்சுன்னா, அங்கன வச்சு அவியகிட்டச் சொல்லாதீக. ஊருக்குப் போயி எழுதுங்க. எப்படியும் நான்தான படிச்சுக் காட்டணும்? கொஞ்ச நாளு தள்ளிப் படிச்சுக்கிடுதேன்.”

ஏன் என்று கேட்டேன். ஆசீர்வாதத்தின் இரண்டு கண்ணிலும் புரை. மதுரையில் புரை எடுக்கிற டாக்டர் இருக்கிறார். மகள் எவ்வளவோ கெஞ்சியும் அவர் போகவில்லை. “ ‘உங்கம்மா பேரு புஸ்தகத்துல வரட்டும்ட்டி, அதைப் பாக்குறதுக்காச்சும் கண்ணை அறுத்துக்கிடுதேன்’ங்காக. வெளையாட்டாத்தான் சொன்னாக. ஆனா அந்த ஒரு வார்த்தையைத் தவிர எனக்குப் பிடிமானம் வேற இல்ல, சார்.”

அந்த மரத்தை முதலில் கண்டது அவளுடைய அம்மா அன்னம்மாள். புதிய பேரினம் என்றால் அதற்கு அன்னம்மியா என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் எனக்கு எழுதியிருந்தார். நானும் ஆகட்டும் என்று பதில் எழுதியிருந்தேன். காட்டில் வைத்து எதுவும் சொல்ல மாட்டேன் என்று மெர்சிக்கு வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை சீவில்லிபுத்தூர் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் புளியமர நிழலில் இறங்கி உட்கார்ந்தோம். ஒரு பெண் கூடையில் நாவல்பழம் வைத்திருந்தாள். நான் கொஞ்சம் வாங்கி, ஒன்றைப் பேனாக்கத்தியால் அறுத்து விதைத்தோலை உற்றுப் பார்த்ததும் கூட்டம் கூடிவிட்டது.

“பழத்துல புழுவா?” என்றாள் அவள், சண்டைக்குத் தயாராக.

இல்லை என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். இதுவரை இதற்கு ஒரு பெயர் இருந்தது, இனி வேறு பெயர், இந்தத் தோல் சதையோடு ஒட்டியிருப்பதுதான் காரணம் என்றேன். தலைப்பாகைக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இதுக்குப் பேரை மாத்தத்தான் கடல் தாண்டி வந்தீகளா?” என்றார். பழக்காரி விடவில்லை. “பேரை மாத்துனா வெலை கூடுமாய்யா?” டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் வரை எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்தப் பயணத்தில் மனம் லேசாக இருந்த கடைசி நேரம் அது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கோபுரம் தெரிய ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் ஊர் வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் காக்கிக் கோட்டுப் போட்ட நெட்டையான பெரியவர் தடியை ஊன்றி நின்றார். நான் பேச வாயெடுக்குமுன் கையை நீட்டினார்.

“தம்பிதான? நேத்து ரயில்ல எறங்குன ஒவ்வொரு காலடியையும் கேட்டுக்கிட்டு நின்னேன். எல்லாம் வெறுங்கால். ஒரு பூட்ஸ்கூட இல்ல. அப்பமே தெரிஞ்சுபோச்சு, தம்பி தூங்கிட்டாருன்னு.”

நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து நடந்தார். வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் முகம் தெரியாது என்றார். வீட்டில் கருப்பட்டிக் காப்பி தயாராக இருந்தது. எங்கள் நாட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்போம் என்றேன். அவர் உடனே ஒரு துண்டு கருப்பட்டியை என் கையில் வைத்து, “கடிங்க, உங்க ஊரு மாதிரியே இருக்கட்டும்” என்றார்.

சாயங்காலம் மறுபடி காப்பியும் கருப்பட்டியும் கொடுத்துவிட்டு அன்னம்மாளைப் பற்றிப் பேசினார். காட்டு முகாமுக்கு அவர் போகும்போதெல்லாம் அந்த அம்மாளும் கூடப் போவாராம். மற்ற ரேஞ்சர்கள் கேலி செய்வார்களாம். ஒருநாள் ஓடையில் துணி அலசும்போது தண்ணீரில் சின்னச் சின்னத் தொப்பிகள் மிதந்து வந்திருக்கின்றன. “ ‘இங்க பாருங்க, இந்தப் பூவு விரியறதுக்கு முன்னால தொப்பியைக் கழட்டி வைக்குது’ன்னா. நான் எம்புட்டோ தரம் அந்த வழியா நடந்தவன், தம்பி. மேல ஏறிட்டுப் பார்த்ததில்ல.”

காப்பி டம்ளரைத் தரையைத் தடவிக் கீழே வைத்தார்.

“அந்த முகாம்லதான் அவளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. மலைக்காய்ச்சல். வீட்டோட இருந்திருந்தா இருந்திருப்பா. நான் கூட்டிட்டுப் போனேன். போயிட்டா. நான் அவளுக்கு நகை வாங்கிப் போட்டதில்ல, நாலு ஊரு காமிச்சதில்ல. இந்தப் பேரு ஒண்ணாவது நிக்கட்டும்னுதான் விடாம எழுதிக்கிட்டே கெடந்தேன்.”

பேரினத்தின் பெயர் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் பரிசு அல்ல. அந்த மரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை அது. அதை அன்று மாலை அவரிடம் சொல்லியிருக்கலாம். கருப்பட்டி வாயில் இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாட்டுவண்டியில் செண்பகத்தோப்புக்குப் போனோம். வனத்துறைக் காவலர் மாடசாமி எங்களோடு சேர்ந்துகொண்டார். ஆசீர்வாதத்தின் கீழ் வேலை பார்த்தவர். “அய்யா வாரீகளா? மரத்துல பழம் கெடக்கு. ஆனா மலை அணிலு முக்காவாசி தின்னு தீத்துருச்சு” என்றார். வண்டி நின்ற இடத்திலிருந்து ஓடையோரமாக நடந்தோம். பெரியவர் என் தோளில் கை வைத்திருந்தார். காட்டுக்குள் நுழைந்ததும் அவர் நடை மாறியது. கல் எது, வேர் எது என்று காலே அறிந்து வைத்தது. இரண்டு தடவை நான்தான் தடுக்கினேன்.

எங்கள் மலைக்காடுகள் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். அட்டைப்பூச்சிகள் காலில் ஏறும். இது வறண்ட காடு. ஓடையை ஒட்டி மட்டும் பச்சை. அந்தப் பச்சையில் ஒரு பாறையைக் கட்டிப் பிடித்தபடி மரம் நின்றது. பெரிய மரம் அல்ல. கீழே அணில் கடித்துப் போட்ட கொட்டைகள். மேலே வாலைத் தொங்கவிட்டபடி நரைத்த அணில் ஒன்று எங்களைப் பார்த்துக் கத்தியது.

மாடசாமி ஏறிக் கிளை நுனியில் மிஞ்சியிருந்த பழங்களைத் துண்டில் கட்டி இறக்கினார். கருஞ்சிவப்பு. நாவலைவிடச் சிறியவை. பெரியவர் பாறையில் உட்கார்ந்து என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் முதல் பழத்தை அறுத்தேன்.

விதைத்தோல் சொரசொரப்பாக இருந்தது. சதையோடு ஒட்டியிருந்தது. கத்தி முனையால் நெம்பினேன். தோல் சதையோடு நின்றுகொண்டது, உள்ளே இருந்த பருப்பு மட்டும் பெயர்ந்தது. பழக்காரியின் நாவல்பழத்தில் பார்த்தது போலவே. இரண்டாவதை அறுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்து, அறுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, சத்தத்தைக் காணோம்?”

“பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா.”

“கத்திச் சத்தமும் நின்னுபோச்சே.” அவர் கையை நீட்டினார். “இங்க ஒண்ணு குடுங்க.”

மெர்சிக்குக் கொடுத்த வாக்கு சொல்ல மாட்டேன் என்பதுதான். பழத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நினைத்திருந்தால் பழம் போதாது, எல்லாம் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் நீட்டிய கை அப்படியே நின்றது. கொடுத்தேன்.

அவர் பழத்தை விரலால் பிதுக்கினார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினார். விதை நழுவி வருகிறதா என்று அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலால் தோலைத் தடவினார். எதைத் தேட வேண்டும் என்று நானே பல கடிதங்களில் விவரமாக எழுதியிருந்தேன். மெர்சி படித்துக் காட்டியிருப்பாள்.

“ஒட்டுதே” என்றார்.

நான் கத்தியை மடித்தேன்.

“இன்னொண்ணு குடுங்க.” அதையும் பிதுக்கினார். “ஒட்டத்தான் செய்யுது. நாவ மரத்துக்குச் சொந்தம்தான் இது. என்ன தம்பி?”

“ஓம், ஐயா.”

மாடசாமி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆசீர்வாதம் ஓடையில் கையைக் கழுவினார். நன்றாகத் தேய்த்து, நெடுநேரம் கழுவினார்.

“பூவு தனியா இருக்கே, அது?”

“கொத்துச் சுருங்கி ஒற்றைப் பூவாகியிருக்கலாம். அப்படி நடப்பதுண்டு. அந்த ஓர் அடையாளம்தான் எங்களைக் குழப்பியது.”

“தொப்பி கழலுறது?”

“அதுதான் சரியான அடையாளம், ஐயா. நாவலோடு சேர்க்க வேண்டும் என்று அதுதான் சொன்னது.”

அவர் தலையை ஆட்டினார். “அப்ப அவ அன்னைக்கே சரியாத்தான் சொல்லியிருக்கா. நாமதான் அதுக்கு மேல ஒண்ணு இருக்கும்னு காத்துக் கெடந்துட்டோம்.”

இனம் புதிதாக இருக்கலாம், பேரினத்துக்கு இல்லாவிட்டாலும் இனத்துக்கு அன்னம்மாள் பெயரை வைக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். “இருக்கலாம்னு சொல்லாதீக, தம்பி. இருக்கலாம்னு சொல்லி நான் அஞ்சாறு வருசம் ஓட்டிட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது மாடசாமியிடம் பழைய கதைகள் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் என் தோளைப் பிடிக்காமல் வண்டிச் சட்டத்தைத் தேடிப் பிடித்து இறங்கினார்.

சாயங்காலம் மெர்சி வந்தாள். அப்பா முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். பெரியவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ரயிலடிக்கு அவள் மட்டும் வந்தாள். பெரியவர் வாசலில் நின்றே விடை கொடுத்துவிட்டார். ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்றார்கள். கல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“நான் சொல்லவில்லை” என்றேன். “அவரே கையால் பார்த்துவிட்டார்.”

“அப்பா சொன்னாக. காலையில மதுரை ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். ‘இனி நான் பாக்க வேண்டியது என்னட்டி இருக்கு’ன்னுட்டாக.”

நான் மறுபடியும் இனத்தின் பெயர் பற்றி ஆரம்பித்தேன். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

“சார், நீங்க நெனச்சா அந்தப் பேரை வச்சிருக்க முடியாதா? யாரு வந்து தடுக்கப்போறா?”

“வைக்கலாம். அடுத்த ஆண்டு யாராவது இந்த மரத்தின் பழத்தைப் பிளந்து பார்ப்பார்கள். பேரினத்தை அடித்துவிட்டு, இது தவறு என்று அச்சில் போடுவார்கள். உங்கள் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நிற்கும்.”

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குப் புரியுது. அவியளுக்கும் புரிஞ்சிருச்சு. அதான் கஷ்டமா இருக்கு. புரியாம இருந்தா சண்டையாவது போட்டிருப்பாக.”

வண்டி வந்தது. ஓலைக் கொட்டானில் முறுக்கும் ஒரு சீசாவில் தண்ணீரும் கொடுத்தாள். “கப்பல்ல வெறும் வயித்தோட இருக்காதீக” என்றாள். அவ்வளவு நடந்த பிறகும் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றியது.

ஊர் திரும்பி ஒப்பிட்டுப் பார்த்தேன். இனமும் புதிதல்ல. தெற்கே வேறொரு மலையிலிருந்து வெகுகாலத்துக்கு முன்பே பெயர் பெற்றது. பூத்த கிளையை வைத்து அதை இனம் காண முடியாமல் நாங்கள்தான் தவித்திருந்தோம். அதை எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு பார்சல் வந்தது. விலாசம் மெர்சியின் கையெழுத்து. உள்ளே செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்த கிளைகள். கடிதம் எதுவும் இல்லை. அந்த ஓடைக்கரை மரத்தின் பூத்த கிளைகளையே மறுபடி பறித்து அனுப்பியிருந்தார் ஆசீர்வாதம். ஈரம் தங்காமல், ஒரு மொட்டு உதிராமல், பழைய ரேஞ்சரின் கைத்திறனோடு இருந்தன. தாளைப் பிரித்து மேசையில் பரப்பினேன். இரண்டு கிளைகளை ஒரே நூலால் கட்டியிருந்தார். ஒன்று அந்த மரம். மற்றது வேறு மரம். இலை அளவும் தடிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், கையால் தடவினால் வித்தியாசம் தெரியாது. கண் தெரிகிற எந்த ரேஞ்சருக்கும் இலையின் நரம்பு ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். அவர் மதுரைக்குப் போகவில்லை.

நூலை அவிழ்த்து ஒன்றை சிசீஜியம் அலமாரியிலும் மற்றதை யூஜீனியா அலமாரியிலும் வைத்தேன். கிளைகள் மிக நன்றாகக் காய்ந்து வந்திருக்கின்றன, ஒரு மொட்டுகூட உதிரவில்லை, அடுத்த பருவத்திலும் அனுப்புங்கள் என்று அன்றே பதில் எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.